இன்ஜின் ஏறாத இடங்கள்

கொழுக்குமலைக்குப் போக இரண்டு வழி உண்டு. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பக்கம் குரங்கணியிலிருந்து காலால் ஏறுவது ஒன்று. மலையைச் சுற்றிக்கொண்டு கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, விடியும் முன்பே கல்லும் பள்ளமுமான தோட்டச் சாலையில் குலுங்கிக்கொண்டு மேலே போய்ச் சேருவது இன்னொன்று. தேயிலைத் தோட்டம் இருப்பது தமிழ்நாட்டு எல்லைக்குள்; சக்கரம் உருளும் பாதை மட்டும் கேரளத்தில்.

2018 மார்ச் 11 அன்று அந்தக் கால்வழியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்துபோனார்கள். யார் அனுமதி கொடுத்தது, எந்தப் பாதைக்குக் கொடுத்தது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மூத்த அரசு அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. கோடையில் காய்ந்து கிடக்கும் புல்மலையில் ஆளை விடக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். நடந்து ஏறுகிறவர்களுக்கு மலை இறுகியது. சூரிய உதயம் காட்டும் ஜீப்புகள் எப்போதும்போல ஓடின. ஒரே மலையில் நடப்பவரை ஆபத்தாகவும் இன்ஜினைச் சேவையாகவும் பார்த்தார்கள்.

காடு, மலை, ஏரி, கழி போன்ற ஒதுங்கிய இடங்களில் வண்டிச் சத்தம் இல்லாமல் பொழுதைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு நம் நாட்டில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? கேள்வி எளிதுதான். பதிலைத் தேடிப் போனால் வனத்துறை, உயர் நீதிமன்றம், கோயில், நெடுஞ்சாலை, கைத்தறி என்று பல வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. நடந்து போகிறவரை ஒரு தரப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சட்டம் எதுவும் இல்லை என்பதே காரணம்.

இன்ஜினுக்கும் கைகாலுக்கும் நடுவே கோடு போடுவது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதித்துக் கையால் நெய்கிறவர் விசைத்தறியோடு போட்டி போட முடியாது என்பதால், 1985-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட 22 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்றது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு பட்டியல் 11 ஆகச் சுருங்கியது, அமலாக்கத்தில் ஆயிரம் ஓட்டை என்பதெல்லாம் வேறு கதை. கடலிலும் அப்படித்தான். 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து முதல் 3 கடல் மைலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கு அப்பால் போகச் சொன்னது. இரண்டு சட்டத்துக்கும் நியாயம் ஒன்றே: இன்ஜின் உள்ளே வந்தால் மற்றவர் வெளியேற வேண்டியிருக்கும், இரண்டும் சமமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியாது.

பிழைப்புக்காக அந்தக் கோட்டைப் போட்டோம். பொழுதுபோக்குக்காகப் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கையில் எதுவும் இல்லாமல் நடக்கிறவர் எந்த வேலையும் செய்யாதவர்தானே, அவருக்கு என்ன உரிமை என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருக்கிறது. அதே இடத்துக்கு மணிக்கணக்கில் ஜீப்பை வாடகைக்கு எடுத்து வருகிறவர் சுற்றுலாப் பயணி. அவரால் வருமானம் உண்டு, அதனால் அவருக்குத் துறையும் உண்டு. பைக்காரா அணையில் அதிவேகப் படகுகள் நீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குக் கட்டணச் சீட்டு இருக்கிறது. அந்த நீரோரம் சும்மா உட்கார நினைப்பவர் எந்தத் துறையின் கணக்கிலும் வரமாட்டார்.

நிலைமை கொஞ்சம் மாறியது 2024 அக்டோபரில். வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்த பாதைகள், மலையடிவார ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் வழிகாட்டிகள், தீ பிடிக்கும் பருவத்தில் பாதைகளுக்குப் பூட்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கற்கருவி செய்தவர்கள் உலவிய அந்தக் காட்டுக்கு வடதமிழ்நாட்டிலிருந்து காலையில் கிளம்பி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். நடப்பது ஒரு முறையான பயன்பாடு என்று அரசு ஒப்புக்கொண்டதே இத்திட்டத்தின் பெரிய பயன். குறையும் உண்டு. கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. காட்டை அடுத்த ஊர்க்காரர் விறகுக்கும் தேனுக்கும் கோயிலுக்கும் நடந்த பாதையில் இப்போது நகரத்துக்காரர் சீட்டு வாங்கி நடக்கிறார். மேலும், பாதைக்குள் யார் வரலாம் என்று விதி சொல்கிறதே தவிர, பாதையின் அக்கம்பக்கத்தில் எது ஓடலாம் என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. சத்தம் வேலி பார்த்து நிற்பதில்லை.

இரவுப் போக்குவரத்துத் தடைகளின் கதை இன்னும் சிக்கலானது. 2009-இல் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டு வழியே போகும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை வந்தது. வண்டியில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டிருந்ததே காரணம். கேரளம் அன்றிலிருந்து எதிர்க்கிறது. வயநாட்டுக்காரர்களுக்கு மைசூருக்குப் போகும் முக்கிய வழி அதுதான். நம் பக்கத்தில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் பண்ணாரி–திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில், சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் இரவுத் தடையை அமல்படுத்தச் சொன்னது. அந்தச் சாலைக்கு மேலே இருக்கும் தாளவாடி மலை மக்கள் கொதித்து எழுந்தார்கள். மேலே விளையும் காய்கறி இரவோடு இரவாகக் கீழே இறங்கினால்தான் காலைச் சந்தையில் விலை போகும். பிரசவ வலி மணி பார்த்து வருவதில்லை. போராட்டத்துக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வுகள் கிடைத்தன.

இங்கே ஒரு தவறான அணிப்பிரிப்பு உருவாகிவிடுகிறது. அமைதி வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் நகரத்தில் சொகுசாக இருந்துகொண்டு மலைவாசியின் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர்கள் என்ற எண்ணம் உள்ளூரில் பலமாக வேரூன்றியிருக்கிறது. அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நேரத்தையும் வண்டியின் எடையையும் மட்டும் பார்க்கிற தடை, தக்காளி லாரியையும் கேளிக்கை ஜீப்பையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. என் கணக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி இங்கே எதற்காக வந்திருக்கிறது? போக வேறு வழியில்லாமலா, போவதே வேடிக்கை என்பதாலா?

அந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்தது இ-பாஸ் முறை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் பதிவு செய்துகொண்டுதான் ஏற வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அத்தியாவசியப் பொருள் கொண்டுவரும் வண்டிகளுக்கும் விலக்கு. வண்டி யாருடையது, எதற்கு வருகிறது என்று கேட்ட முதல் பெரிய ஏற்பாடு இது என்பேன். ஊட்டி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தியதில் வியப்பில்லை. ஆனால் இது வாசலில் தலை எண்ணும் முறை மட்டுமே. உள்ளே வந்த ஆறாயிரமும் எந்தச் சோலையோரம் வரை போகலாம், எந்த மண்பாதையில் இறங்கக் கூடாது என்பதை அது சொல்லவில்லை.

முழுத்தடை என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க மகாராஷ்டிரத்தின் மாதேரானுக்குப் போகலாம். மலை உச்சியில் இருக்கும் அந்தச் சிற்றூருக்குள் கார், பைக் எதுவும் வராது. தஸ்தூரி நாக்காவிலேயே நிறுத்திவிட வேண்டும். 2003-இல் அதைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தபோது அந்தத் தடை இன்னும் உறுதியானது. செம்மண் பாதை, குதிரை, மரநிழல் என்று படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். அதே பாதையில் மனிதரை மனிதர் உட்காரவைத்து இழுத்த கைரிக்‌ஷாவும் பல ஆண்டுகள் ஓடியது. நாம் அனுபவித்த அமைதிக்கு யாரோ ஒருவரின் நுரையீரல் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. இழுத்தவர்களே இ-ரிக்‌ஷா கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கைரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்றது. இன்ஜினை வெளியே நிறுத்தும்போது, அது செய்துவந்த வேலையை யார் முதுகில் ஏற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சத்தமில்லாத மின்வண்டி வந்த பிறகு இந்த விவாதத்தின் முகமே கொஞ்சம் மாறிவிட்டது. இனி எல்லாம் சரி என்று நினைக்க வேண்டியதில்லை. மின்வண்டியும் தூசி கிளப்பும், பாதையை அரிக்கும், கூட்டம் சேர்க்கும்.

சட்டம் இல்லாமலேயே காலுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைக் காத்துவருவது பக்தி. கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளுக்கும் சாலை கிடையாது. பருவத்தில் வனத்துறை வழிவிட, மூங்கில் தடியோடு ஏறுகிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடப்பவர்களுடையதாகிவிடும். திருமலைக்கு 1944-இல் மலைச்சாலை வந்தது. ஆனாலும் அலிபிரிப் படிவழியில் கூட்டம் குறையவில்லை. காரணம், அந்தப் படிவழியைக் கூரை, தண்ணீர், காவல் என்று தேவஸ்தானம் பராமரிக்கிறது. நம் பக்கத்தில் சோளிங்கர் நரசிம்மருக்கு 1,305 படி. 2024 மார்ச்சில் கம்பிவட ஊர்தி திறந்தார்கள். முழங்கால் தேய்ந்த பாட்டி சாமி பார்க்க ஒரு பெட்டி மேலே போவதை நான் எதிர்க்கமாட்டேன். மலையை அறுத்துச் சாலை போடாமல் படியைப் படியாகவே விட்டதால், இதை நல்ல சமரசம் என்றே சொல்லலாம். பக்தி இடத்தின் இன்னொரு முகம் ஒலிபெருக்கி. இன்ஜினை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு உச்சியில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிற ஊர் நம்முடையது.

சத்தத்தைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது? 2000-இன் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்றும், அமைதி மண்டலத்துக்கு 50, 40 என்றும் வரம்பு வைத்தன. அமைதி மண்டலம் என்றால் மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர். நோயாளி, மாணவர், நீதிபதி ஆகியோரின் காதுகளைப் பற்றித்தான் கவலை. ஆனால் அதே அட்டவணையின் குறிப்பில், அதிகாரம் பெற்றவர் அறிவிக்கும் வேறு எந்த இடமும் அமைதி மண்டலமாகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஓர் ஏரிக்கரையையோ ஒரு சோலையையோ அப்படி அறிவிக்க அந்த வரி இடம் கொடுக்கிறது. இன்னொரு கருவி 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 115: குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ வண்டிகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. விலங்கைக் காக்கவும் விபத்தைத் தடுக்கவும் அவற்றை எடுத்திருக்கிறோம், நடக்கிறவருக்காக எடுக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. 1964-இன் வனாந்தரச் சட்டம் குறிப்பிட்ட காடுகளுக்குள் மோட்டார் வண்டியையே விலக்கியது. 1972-இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஓர் ஆணை, பொது நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்குப் பாதை ஒதுக்கும்போது மண், விலங்கு இவற்றோடு அதே நிலத்தில் பொழுது கழிக்கும் மற்றவர்களோடு வரும் மோதலையும் குறைக்க வேண்டும் என்றது. நடப்பவரும் துடுப்புப் போடுகிறவரும் ஒரு தரப்பு என்று அரசாணையில் ஏறியது அங்கே. அதற்குப் பிறகும் பனிவண்டிக்காரர்களோடு வழக்கு ஓயவில்லை. ஆனால் வழக்குப் போடவாவது ஒரு பிடி கிடைத்தது. அதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. யால பூங்காவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முட்டி மோதி நிற்கும். ஹோர்ட்டன் சமவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு, ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பு வரை சுமார் 9 கிலோமீட்டர் வட்டப்பாதையை நடந்தே பார்த்துத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே நாட்டின் தேசியப் பூங்காக்கள்தான்.

சத்தம் மட்டும் தனியாக என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓர் அழகான சோதனை நடந்திருக்கிறது. சாலையே இல்லாத காட்டில் மரங்களில் ஒலிபெருக்கி கட்டி, வண்டிகள் போகும் சத்தத்தை மட்டும் ஓட விட்டார்கள். புகையும் இல்லை, விளக்கு வெளிச்சமும் இல்லை. வலசை வந்த பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கு மேல் குறைந்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகு, சாலை போட்டாலும் மரத்தை வெட்டவில்லையே என்ற சமாதானம் செல்லாது.

பறவை என்றதும் வேடந்தாங்கலைப் பேசாமல் விடமுடியாது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாகப் போனால் வருகிற 30 ஹெக்டேர் ஏரி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவை சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியும் அப்படித்தான். இந்த ஊர்கள் அமைதியைக் கடைப்பிடிப்பது ரசனைக்காக அல்ல, வயலுக்காக, வார்த்தைக்காக. 1998-இல் வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலய எல்லையாக அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க வந்த முன்மொழிவுக்கு எதிர்ப்பு கிளம்பியது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது.

வேடந்தாங்கலுக்குப் பெயர் இருக்கிறது, காவல் இருக்கிறது. பெயரில்லாத நூற்றுக்கணக்கான ஏரிகளின் கதி என்ன? தாமலை எடுத்துக்கொள்வோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். அதன் ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. அரசுப் பதிவேட்டைப் புரட்டினால் இப்படிப்பட்ட ஏரிக்கு ஆயக்கட்டுக்காரர் உண்டு, மீன் குத்தகைதாரர் உண்டு, வண்டல் எடுப்பவர் உண்டு. சாயங்காலம் தறியிலிருந்து எழுந்து இடுப்பு வலி தீரக் கரையில் நடக்கிற நெசவாளிக்கு அதில் பத்தி இல்லை. குழித்தறியில் நாளெல்லாம் குனிந்து உட்கார்கிறவருக்கு அரை மணி நடை மருந்துக்குச் சமம். அவரைக் கரையிலிருந்து விரட்டத் தடை உத்தரவு தேவையில்லை. சைலன்சரைக் கழற்றிய நான்கு பைக் போதும்.

இந்த வட்டாரத்துக்கு மேலிருந்தும் ஒரு சத்தம் வரக் காத்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்கு நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். விவாதமெல்லாம் நிலத்தையும் நீர்நிலைகளையும் இழப்பீட்டையும் பற்றியது, அதுவே முதன்மையானது. நிலம் பறிபோகாத பக்கத்து ஊர்களின் ஆகாயம் எப்படி மாறும் என்பதைப் பேச இன்னும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

தாமல் போன்ற ஏரிக்கரைக்குக் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கரையின் மேல் தார்ச்சாலை வேண்டாம். கரைக்கு ஏறும் வழியில் சங்கிலி போட்டு, சாவியை மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவரிடம் கொடுக்கலாம். ஆயக்கட்டு டிராக்டர் போகட்டும், மீன் ஏற்றும் ஆட்டோ போகட்டும், நீர்வளத் துறை ஜீப் போகட்டும், ஆம்புலன்ஸ் எப்போது வேண்டுமானாலும் போகட்டும். படம் பிடிக்கவும் பந்தயம் விடவும் வருகிற வண்டி கீழே நிற்கட்டும். மின்சார ஸ்கூட்டரில் வரும் மாற்றுத்திறனாளிக்கு வழி இருக்க வேண்டும். தாளவாடியும் மாதேரானும் கற்றுக்கொடுத்த இரண்டு பாடங்களும் இதற்குள் அடங்கும்.

சிக்கல் அதிகாரத்தில். கரை நீர்வளத் துறையுடையது, வண்டியைத் தடுக்கும் அதிகாரம் அரசுடையது, அமைதி மண்டலம் அறிவிப்பதும் அரசே. கிராம சபை தீர்மானம்தான் போடலாம். அந்தத் தீர்மானத்தோடு கலெக்டரிடம் போனால்தான் பிரிவு 115 பேசத் தொடங்கும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரியைப் பற்றிய பேச்சுக்குப் பொருத்தம். ஆனால் மழை பிடித்து ஏரி நிரம்பி, பறவையும் பைக்கும் ஒரே சமயத்தில் வந்து சேரும் நவம்பருக்கு முன்பே சங்கிலி மாட்ட வேண்டுமென்றால், ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.